ரிவால்வர் கிழவர்களின் துப்பாக்கியா?

2025 மார்ச் 3, இரவு 10.50

"அங்கிள், போன வாரம் ஃபுக்கெட்ல சுடுதளத்துக்குப் போயிருந்தோம். ரிவால்வர் கேட்டவங்க எல்லாம் தலை நரைச்சவங்க. நாங்க ஏழு பேரும் கிளாக் தானியங்கி. வயசானா ரிவால்வர்மேல ஆசை வந்துடுமா? இல்ல பழைய படம் பார்த்துப் பார்த்து வந்த கோளாறா?"

உட்லண்ட்ஸ் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கோளாறு உனக்குத்தான் தம்பி. எனக்கு 62 வயது. 1984-ல் சிங்கப்பூர்க் காவல்துறையில் சேர்ந்து, தாம்சன் ரோட்டுப் பழைய போலிஸ் அகாடமியில் பயிற்சி முடித்தபோது என் கையில் கொடுத்தது 0.38 ரிவால்வர். அதற்கு முன் என் கை பிடித்த ஆயுதம் கேரம் ஸ்ட்ரைக்கர். கை முதலில் எதைக் கற்றதோ அதைத்தான் கடைசிவரை தேடும். ஓட்டுநர் உரிமத்தில் கிளாஸ் 3 (கை கியர்) எடுத்தவனை ஆட்டோ கியர் காரில் உட்கார வைத்துப் பார். பத்து வருடம் கழித்தும் இடது கால் இல்லாத கிளட்சை மிதிக்கும். 3ஏ (ஆட்டோ கியர் மட்டும்) எடுத்த உன் வயதுக்காரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவ்வளவுதான் விஷயம். வயதும் இல்லை, படமும் இல்லை.

2025 மார்ச் 4, காலை 7.15

முக்கியமானதை விட்டுவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. காலி உறை, அதாவது சுட்ட பிறகு மிஞ்சும் தோட்டாக் கூடு!

தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பணி செய்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: சுட்டு முடித்ததும் எத்தனை தோட்டா வாங்கினாயோ அத்தனை காலி உறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. புல்லில் வரிசையாகக் குனிந்து, விரலால் கோதிக் கோதித் தேட வேண்டும். கிடைத்த பிறகு ஒவ்வொருவராக நிமிர்ந்து நின்று, என்னிடம் தோட்டாவும் இல்லை காலி உறையும் இல்லை ஐயா என்று கத்திச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் அது விளையாட்டு இல்லை. உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா பையில் இருந்தாலும் வழக்கு. குற்றம் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டால் தூக்கு. அந்தச் சட்டம் 1973-லிருந்து இருக்கிறது.

தானியங்கிக் கைத்துப்பாக்கி ஒவ்வொரு முறை சுடும்போதும் காலி உறையை வலப்பக்கம் தூக்கி எறியும். பக்கத்தில் நிற்பவன் சட்டைக் காலருக்குள் சூடாகப் போய் விழுந்ததும் உண்டு, அவன் ஆடிய ஆட்டமும் உண்டு. ரிவால்வர் எதையும் எறியாது. சுட்டதை எல்லாம் தன் வயிற்றிலேயே வைத்திருக்கும். தோட்டா அறைகள் உள்ள உருளையை இடப்பக்கம் திறந்து, குழல் வாயை மேலே தூக்கி, உறை தள்ளும் கம்பியை உள்ளங்கையால் ஓர் அடி. மொத்தமும் ஒன்றாகக் கொட்டும். எண்ணிக் கொடுத்துவிட்டுக் கோப்பிக்கடைக்குப் போகலாம்.

இருபது வயதில் எனக்கு இது பெரிதாகத் தோன்றவில்லை. முட்டியில் ஜெல் ஊசி போட்டுக்கொண்ட பிறகு தோன்றுகிறது. ஆகவே வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நேற்று எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

2025 மார்ச் 9

முட்டியை ஒப்புக்கொண்டேன் அல்லவா, கையையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் இடது கை மோதிர விரல் காலையில் மடங்கினால் நிமிராது. வலது கையால் பிடித்து இழுத்தால் 'டக்' என்று நிமிரும். பலதுறை மருந்தகத்தில் இளம் டாக்டர் பெண் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுக்குப் பேரு டிரிகர் ஃபிங்கர்" என்றார். நான் சிரித்ததும் அவருக்குப் புரியவில்லை. முப்பது வருடம் டிரிகர் இழுத்தது வலது ஆள்காட்டி, வியாதி வந்தது இடது மோதிர விரலுக்கு. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம். தசைநாண் ஓடுகிற உறை தடித்துவிடுவதால் உள்ளே நாண் சிக்கிக்கொள்கிறது. ஊசி போட்டார்கள். சரியானது, முழுக்க இல்லை.

அந்தக் கையோடு ஹூஸ்டனில் மகள் வீட்டுக்குப் போனேன். மருமகன் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். கையளவுக் குட்டித் தானியங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் மேல்பகுதியை, அதாவது ஸ்லைடைப் பின்னால் இழுத்தால்தான் முதல் தோட்டா அறைக்குள் ஏறும். இழுத்தேன். பாதி வந்தது. மறுபடி. விரல் நழுவி, ஸ்லைடு பாதியில் முன்னால் பாய்ந்து, தோட்டா சாய்ந்து சிக்கிக்கொண்டது. பக்கத்துத் தடத்தில் பல்லில் கம்பி கட்டிய பொடியன் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவமானம் தம்பி, அவமானம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், துப்பாக்கி சிறிதானால் ஸ்லைடு இழுக்க எளிது என்றுதான் எல்லாரும் நினைப்போம். உண்மை நேர்மாறு. குட்டித் துப்பாக்கியில் ஸ்லைடு இலேசு, அது ஓடும் தூரமும் குறைவு. சுடும்போது வரும் அதே உதையைத் தாங்கிக்கொள்ள ஸ்பிரிங் கடினமாக இருக்க வேண்டும். பெரியதுதான் சொன்னபடி கேட்கும்.

ரிவால்வரில் இழுக்க ஸ்லைடே கிடையாது. திற, போடு, மூடு. நடுங்குகிற கைக்கும் அது தெரியும். தோட்டா வெடிக்கவில்லை என்றால் இன்னொரு முறை டிரிகரை இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். தானியங்கியில் கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கிய மேகசினைத் தட்டி, ஸ்லைடை மறுபடி இழுக்க வேண்டும், அதாவது எந்த விரல் வலிக்கிறதோ அதே விரலால். போதுமா? வழக்கு முடிந்தது.

2025 மார்ச் 10, மாலை

முடியவில்லை. இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கும் ஒரு தங்கை எழுதியிருக்கிறார், வயது 34, சுடுவதும் உண்டாம். சாரம் இது: "அண்ணே, ஸ்லைடு இழுப்பது பலம் இல்லை, முறை. நீங்கள் இரண்டு விரலால் பின்னால் கிள்ளி இழுத்திருப்பீர்கள். துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவந்து, குழல் வாய் குறிப் பக்கமே இருக்க, இடது உள்ளங்கையை ஸ்லைடுக்கு மேலே முழுதாக மூடிப் பிடித்து, வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளுங்கள். இழுக்காதீர்கள், தள்ளுங்கள். நெஞ்சுத் தசையும் தோளும் வேலை செய்யும், விரலுக்கு வேலையே இல்லை. அது போகட்டும், ரிவால்வர் டிரிகர் எத்தனை கிலோ என்று சொல்லவே இல்லையே?"

மாட்டிக்கொண்டேன். தோட்டாவை வெடிக்க வைக்கும் பின்பக்கச் சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டுச் சுட்டால் ஒன்றரை, இரண்டு கிலோதான். வைக்காமல் நேராக இழுத்தால் அந்த ஒரே இழுப்பில் சுத்தியலும் பின்னால் போக வேண்டும், உருளையும் ஓர் அறை சுழல வேண்டும். ஐந்து கிலோ வரும். கிளாக்கில் இரண்டரை கிலோ. ஸ்லைடை ஒரு மேகசினுக்கு ஒரு முறை இழுத்தால் போதும். ரிவால்வர் டிரிகரை ஒவ்வொரு குண்டுக்கும் ஐந்து கிலோ இழுக்க வேண்டும். கணக்குப் போட்டால் தங்கை சொல்வது சரி.

ஐந்து கிலோ என்றால் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அடுப்படியில் இருந்த ஐந்து கிலோ அரிசிப் பையின் கைப்பிடியை ஆள்காட்டி விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தேன். நுனி விரலில் மாட்டியபோது நாலு எண்ணுவதற்குள் விரல் வெளுத்துவிட்டது. "இந்த வயசுல அரிசி மூட்டைகூட என்ன விளையாட்டு" என்று உள்ளேயிருந்து சத்தம்.

2025 மார்ச் 10, இரவு

அரிசி சோதனையை யாரும் செய்ய வேண்டாம். தூக்கிப் பிடிப்பது வேறு, ஒரு கணம் இழுத்து விடுவது வேறு. கணக்கு சரி, சோதனை தப்பு. ஆள்காட்டி இன்னும் வலிக்கிறது.

2025 மார்ச் 22

கண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே? என்னைப் பொறுத்தவரை கையைவிட அதுதான் பெரிய பிரச்சினை.

கைத்துப்பாக்கியில் குறி பார்க்க மூன்று பொருள் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும்: பின் பள்ளம், முன் முனை, குறிப்பலகை. மூன்றும் மூன்று தூரம். கண்ணால் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும், பயிற்சியாளர்கள் சொல்வது முன் முனையை. நாற்பதைத் தாண்டியதும் கண்ணின் வில்லை இறுகத் தொடங்குகிறது. கை நீட்டிய தூரத்தில் இருக்கும் முன் முனை கஞ்சியில் கரைந்த மாதிரி ஆகிவிடுகிறது. இரட்டைக் கண்ணாடி போட்டவர்கள் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்குவார்கள். சுடுதளத்தில் வானத்தில் காகம் தேடுகிற மாதிரி நிற்கிற மனிதரைக் கண்டால் ஐம்பதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் பிடரி பிடித்துக்கொள்ளும்.

ஓய்வுக்குப் பிறகு நான் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி சுடுகிறேன், கிளப்பில். அதற்காகத் தேக்காவில் ஒரு கண்ணாடிக்கடைக்குப் போனேன். கை நீட்டினால் முனை எங்கே வரும் என்று காட்ட வேண்டும். துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுபோக முடியாது, அது கிளப் ஆயுதக் கிடங்கைவிட்டு நகராது. மடக்குக் குடைதான் கையில் இருந்தது. அதைத் துப்பாக்கியாகப் பிடித்துக் கடை நடுவில் நின்றேன். கண்ணாடிக்காரத் தம்பி அளவு நாடாவால் கண்ணிலிருந்து குடை நுனிவரை அளந்தார், 72 சென்டிமீட்டர். கறிவேப்பிலைப் பையோடு உள்ளே வந்த அம்மா ஒருவர் அப்படியே வெளியே போய்விட்டார். என் தூரப் பார்வை எண்ணோடு 0.75 கூட்டி ஒரு வலது வில்லை போட்டுக் கொடுத்தார். இப்போது முனை கத்தி மாதிரி தெரிகிறது. பலகை மங்கல். அது மங்கலாகத்தான் இருக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன்? கண் போனவர்களுக்கு இப்போது வந்திருக்கிற நல்ல மருந்து சிவப்புப் புள்ளிக் கண்ணாடி. புள்ளி பலகையின் தூரத்திலேயே மிதப்பது போலத் தெரியும், மூன்று பொருள் தகராறு தீர்ந்தது. அதைப் பொருத்தத் தோதாகத் தொழிற்சாலையிலேயே வெட்டி வருவது பெரும்பாலும் தானியங்கியின் ஸ்லைடில்தான். ரிவால்வரிலும் மாட்டலாம், ஆனால் கோவணத்துக்கு மேல் கோட்டு போட்ட மாதிரி இருக்கும்.

முட்டி ரிவால்வர் கேட்கிறது. இடது கை ரிவால்வர் கேட்கிறது. வலது ஆள்காட்டி கிளாக் கேட்கிறது. கண்ணும் கிளாக் கேட்கிறது. உடம்பே நாடாளுமன்றம் ஆகிவிட்டது.

2025 மார்ச் 23

மணிக்கட்டு வாக்களிக்க மறந்துவிட்டதாம், ஒருவர் நினைவூட்டினார். கிழவர்களுக்கு ஏற்றது என்று கடைக்காரர்கள் நீட்டுவது அலுமினிய உடம்புக் குட்டி ரிவால்வர், 425 கிராம். இடுப்புக்குச் சுகம். சுட்டால் உள்ளங்கையில் யாரோ கரண்டியால் அடித்த மாதிரி இருக்கும். நான் பழகியது போன்ற இரும்பு ரிவால்வர் ஒரு கிலோ பக்கம் வரும், உதையைத் தானே தின்றுவிடும். ஆக ரிவால்வர் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னதும் தப்பு.

2025 ஏப்ரல் 6

முதல் நாள் சொன்ன கிளாஸ் 3 கதைக்குத் திரும்புகிறேன். அதை யாரும் இன்னும் அசைக்கவில்லை.

நியூயார்க் நகரக் காவல்துறை 1993-ல் 9 மிமீ தானியங்கிக்கு மாறியது. ஏற்கெனவே ரிவால்வர் வைத்திருந்தவர்கள் விரும்பினால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். கொஞ்சம் பேர் வைத்துக்கொண்டார்கள். 2018-ல்தான் மிச்சமிருந்தவர்களையும் மாறச் சொன்னார்கள். இருபத்தைந்து வருடம்! 1993-ல் அவர்கள் கிழவர்கள் இல்லை. முப்பது வயது ஆட்கள்கூட இருந்திருப்பார்கள். 2018-ல் இடுப்பில் ரிவால்வரோடு அவர்களைப் பார்த்தவன், வயதானவர்களுக்கு ரிவால்வர் பிடிக்கும் போலிருக்கிறது என்றுதான் நினைத்திருப்பான். வயது ஏறியது ஆளுக்கு. விருப்பம் அப்படியே நின்ற இடத்தில் நின்றது.

நம் ஊரிலும் அதே. ரோந்துப் போலிசார் இடுப்பில் வெகுகாலம் ஐந்து குண்டு டாரஸ் மாடல் 85 ரிவால்வர், பிறகு 15 குண்டு கிளாக் 19. இன்று சேரும் பிள்ளை ரிவால்வரைத் தொடாமலேயே ஓய்வு பெறுவான். இன்னும் முப்பது வருடத்தில் வேறு ஏதோ புதிதாக வந்து, கிளாக் கேட்பவர்கள் எல்லாம் நரைத்தவர்கள் என்று உன் மகன் எழுதுவான், உட்லண்ட்ஸ் தம்பி.

இன்னொன்று. வயதானால் கை போய்விடும் என்று நானே புலம்பினேன். அமெரிக்கத் துப்பாக்கி வித்தகர் எட் மெக்கிவர்ன் 1932-ல் 15 அடியிலிருந்து ஐந்து குண்டை 0.45 விநாடியில் சுட்டபோது அவருக்கு 57 வயது. ரிவால்வரில், சுத்தியலை வைக்காமல், அந்தக் கனத்த இழுப்பிலேயே. பழகிய விரலுக்குக் கனம் தெரியாது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும். இந்தப் பக்கம் ஜார்ஜியா நாட்டு நினோ சலுக்வாட்ஸே 1988 சோலில் தங்கம் வாங்கி, 2024 பாரிஸில் பத்தாவது ஒலிம்பிக் ஆடினார், 55 வயதில். 25 மீட்டரில் அவர் சுடுவது தானியங்கி. (0.22 என்ற சிறு தோட்டாதான், உதை கிடையாது, ஸ்லைடும் இலேசு. நானே சொல்லிவிடுகிறேன், யாரும் பாய வேண்டாம்.)

பாரிஸில் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கிய துருக்கியர் யூசுஃப் டிகேச்சுக்கு 51. அவர் படத்தை அன்று எனக்கு அனுப்பாத ஆளே இல்லை. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சுட்டார். நானும் முயன்றேன். எனக்கு இரண்டு பலகை தெரிந்தது.

2025 ஏப்ரல் 7

"அங்கிள், அப்படின்னா பதில் என்ன?" என்று தம்பி.

பொறு. ஜூனில் ஹூஸ்டன் போகிறேன்.

2025 ஜூன் 14, ஹூஸ்டன்

வெளியே 36 டிகிரி, உள்ளே குளிர்பதனம். மருமகன் இரண்டையும் வாடகைக்கு எடுத்தார்: பழைய நாலு அங்குல இரும்பு ரிவால்வர் ஒன்று, கிளாக் 19 ஒன்று, அதன் ஸ்லைடில் சிவப்புப் புள்ளி.

முதலில் ரிவால்வர். கைப்பிடி மரம் உள்ளங்கையில் உட்கார்ந்ததும் 1984 வந்துவிட்டது. இடது காலைக் கொஞ்சம் முன்வைத்தது நான் இல்லை, கால்தான். பத்து மீட்டரில் முதல் ஆறு, சுத்தியலை வைத்து வைத்து. உள்ளங்கையால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். அடுத்த ஆறு நேர் இழுப்பில். முதல் மூன்று நன்று, நாலாவதிலிருந்து கீழே இடப்பக்கம் சறுக்கியது. விரல் களைத்துவிட்டது. அரிசிப் பை ஞாபகம்.

அறுபது குண்டுக்கு மேல் உருளை சுழல மறுத்தது. பாதியில் நின்றது, டிரிகர் நகரவில்லை. ரிவால்வரில் இன்னொரு முறை டிரிகரை இழுத்தால் போதும் என்று மார்ச்சில் அவ்வளவு பெருமையாக எழுதியவன் நான். எரியாத வெடிமருந்துத் துகள் நாலைந்து உறை தள்ளும் நட்சத்திரத்துக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது. அரிசிமணியில் கால்வாசி இருக்கும். சுடுதளப் பையன் பல்துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து நாலு தேய்ப்புத் தேய்த்தான், சரியானது. ஆனால் தானியங்கி சிக்கினால் கையாலேயே ஒரு விநாடியில் சரிசெய்யலாம், இதற்கு பிரஷ் வேண்டும். ரிவால்வர் அடிக்கடி நிற்காது. நின்றால் நின்றதுதான்.

பிறகு கிளாக். இயன்முறைத் தங்கை சொன்னபடி நெஞ்சருகே வைத்து, மேலே மூடிப் பிடித்து, முன்னால் தள்ளினேன். சளக்கென்று ஏறியது. அவ்வளவுதானா! இரண்டு வருட அவமானம் ஒரு தள்ளலில் போனது. தங்கைக்கு நன்றி. புள்ளியைப் பலகையில் வைத்தேன், தாடையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை, முனையைத் தேட வேண்டியிருக்கவில்லை. பதினைந்து குண்டு, ஒரே குவியலாக இல்லை, ஆனால் எல்லாம் கருப்புக்குள்.

எண்ணிப் பார்த்தால் கிளாக்கில் என் மதிப்பெண் கூட. மருமகன் எண்ணினார், நான் இரண்டாம் முறை எண்ணினேன், அப்போதும் கூட. "மாமா, அப்ப இனிமே கிளாக்தானா?" என்றார். கடைசிப் பெட்டியில் ஐம்பது தோட்டா வாங்க அவர் கேட்டபோது நான் 0.38 என்று சொன்னதும் எனக்கே ஆச்சரியம்தான். மதிப்பெண் எதில் கூட என்று தெரிந்துதான் கேட்டேன். ஐம்பதையும் சுத்தியலை வைத்து வைத்து, மெதுவாக, ஒன்றுக்கும் அவசரமில்லாமல் சுட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

முடிந்ததும் தடத்தைவிட்டு ஓர் அடி பின்னால் வந்து, விறைப்பாக நின்று, என்னிடம் தோட்டாவும் இல்லை காலி உறையும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. சுடுதளப் பையன் காதுக்கவசத்தைக் கழற்றி, என்ன சார் என்றான். மருமகன் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

2025 ஜூன் 17, விமானத்துக்கு முன்

பெட்டி கட்டும்போது அன்று போட்டிருந்த கால்சட்டையை மகள் உதறினாள். கீழ் மடிப்பிலிருந்து ஒரு 9 மிமீ காலி உறை மரத்தரையில் விழுந்து, கணகணவென்று கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. முட்டி போட்டுக் குனிந்து எடுத்தேன். பெட்டியில் இருந்த மற்ற மூன்று கால்சட்டையின் மடிப்பையும் வெளியே எடுத்து உதறிப் பார்த்துவிட்டு, சப்பாத்துக்குள்ளும் கை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூட்டினேன்.